சிங்கப்பூருக்கு மாறி வர்றீங்களா? வாடகை, டாக்ஸ், ட்ராவல் மூணையும் ஒரே கணக்கா போடுங்க

"சிங்கப்பூர்ல டாக்ஸே கிடையாதாம்ல?" "சம்பளத்துல பாதி வாடகைக்கே போயிடுமாம்." "குட்டி ஊருதானே, எங்க வீடு எடுத்தா என்ன?" ஊர்லேர்ந்து வேலை கிடைச்சு வரப்போறவங்க கேக்குறதும், இங்க ஏற்கெனவே இருக்கிற நம்ம ஆளுங்க சொல்றதும் பெரும்பாலும் இந்த மூணுக்குள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கும். மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா ஒவ்வொண்ணையும் தனியா எடுத்துக்கிட்டு முடிவு பண்ணினா, ரெண்டு வருஷ அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டப்புறம்தான் கணக்கு உதைக்கிறது தெரியும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். வீட்டை தானே தேடி எடுக்கிறவங்களுக்குத்தான் இது, அதாவது இபி, எஸ் பாஸ் மாதிரி வேலை அனுமதில வர்றவங்க, பிஆர்ங்கிற நிரந்தரவாசம் வாங்கினவங்க. கன்ஸ்ட்ரக்‌ஷன் வொர்க் பெர்மிட்ல வர்றவங்களுக்கு பெரும்பாலும் கம்பெனியே தங்குற இடத்தைப் பாத்துக்கும், அது வேற கதை.

## முருங்கைக்காயோட உண்மையான விலை

வடக்குல ஈசூன்ல இருக்கிறீங்க, முருங்கைக்காய் புளோக்குக்குக் கீழ இருக்கிற கடையில ஒரு விலை, லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா மார்க்கெட்ல அதைவிட கம்மின்னு வச்சுக்குவோம். மலிவா இருக்கேன்னு தேக்காவுக்குக் கிளம்பினா போக வர டிக்கெட் காசு, ஞாயித்துக்கிழமைல பாதி நாள், திரும்பி வர்றப்ப வெயில்ல ரெண்டு பை, எல்லாம் சேந்துதான் அந்த முருங்கைக்காயோட விலை. ஒரு குழம்புக்கு மட்டும் வாங்கப் போனா நட்டம், ஒரு வாரத்துக்கு மொத்த வீட்டுக்கும் வாங்கினா லாபம், எப்படியும் அந்தப் பக்கம் கோயிலுக்கோ முடி வெட்டவோ போறவருக்கு சுத்தமா லாபம். காய் ஒண்ணுதான், ஆளுக்கு ஆள் விலை மாறுது.

வீடும் இதேதான். விளம்பரத்துல போட்டிருக்கிற வாடகை கடைக்காரர் எழுதி வச்ச விலை மாதிரி, அதுக்கு மேல டிக்கெட்டும் நேரமும் சேரணும், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை இல்ல, தினம் ரெண்டு தடவை. டாக்ஸ் எங்க வருதுன்னா, கடைக்குக் கிளம்புறப்ப பர்ஸுல எவ்வளவு இருக்குங்கிறதை அதுதான் முடிவு பண்ணுது. அதனால அதை முதல்ல பாத்துடுவோம்.

## டாக்ஸ் இருக்கு, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல

தீவுல எந்த மூலையில குடியிருந்தாலும் வருமான வரி ஒரே மாதிரிதான். சில நாட்டுல ஒரு மாநிலத்துலேர்ந்து பக்கத்து மாநிலத்துக்குப் போனா வரி மாறும், அதுக்காகவே எல்லையைத் தாண்டி வீடு எடுப்பாங்க, இங்க அந்த வேலையே இல்ல. அதனால டாக்ஸைப் பாத்து ஏரியா தேட வேண்டாம், எவ்வளவு மிஞ்சும்னு தெரிஞ்சுக்க மட்டும் பாத்தா போதும்.

இங்க வரி அடுக்கு அடுக்கா போடுறாங்க. வருஷ வருமானத்துல முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்க வெள்ளின்னுதான் சொல்வோம்) வரி இல்ல, அடுத்த 10,000க்கு 2 பர்சென்ட், அடுத்த 10,000க்கு 3.5, அடுத்த 40,000க்கு 7, அதுக்கு அடுத்த 40,000க்கு 11.5, இப்படியே ஏறி கடைசில 10 லட்சம் வெள்ளிக்கு மேல போற காசுக்கு 24 பர்சென்ட். இதுல ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கிறது என்னன்னா, அடுத்த அடுக்குக்குப் போயிட்டா மொத்த சம்பளத்துக்கும் அந்த ரேட்டு வந்துடும்னு. இல்லவே இல்ல. அந்த அடுக்குக்குள்ள விழுற காசுக்கு மட்டும்தான் அந்த ரேட்டு.

மாசம் 7,000 வெள்ளி சம்பளம்னு வச்சுக்குவோம், வருஷத்துக்கு 84,000. சம்பாதிக்கிறவருக்கான கழிவு 1,000 போனா 83,000. முதல் 80,000க்கு அடுக்குப்படி 3,350 வெள்ளி, மிச்சம் 3,000க்கு 11.5 பர்சென்ட்ல 345. மொத்தம் 3,695, மாசத்துக்குப் பிரிச்சா 308 வெள்ளிகிட்ட வரும். "11.5 பர்சென்ட் ஸ்லாப்ல இருக்கேன்"னு சொல்றவர் உண்மையில கட்டுறது சம்பளத்துல 4.4 பர்சென்ட்தான். சம்பளம் இன்னும் 500 ஏறினா அந்த 500ல சுமார் 58 வெள்ளி போகும், 442 கைக்கு வரும். ஸ்லாப் மாறிடும்னு பயந்து இன்கிரிமெண்ட்டை யோசிக்கிற ஆளு இருக்காங்க, நம்பவே முடியல.

இதெல்லாம் வரிக் கணக்குல நீங்க 'ரெசிடென்ட்'டா இருந்தாத்தான். ஒரு காலண்டர் வருஷத்துல 183 நாளாவது இங்க இருந்தோ வேலை செஞ்சோ இருந்தா ரெசிடென்ட். ஆகஸ்ட்ல வந்து டிசம்பர்ல கிளம்பிட்டா ரெசிடென்ட் இல்ல, அப்போ சம்பளத்துக்கு மொத்தமா 15 பர்சென்ட், இல்லன்னா ரெசிடென்ட் ரேட்டு, ரெண்டுல எது அதிகமோ அது. அஞ்சு மாசத்துக்கு 35,000 வெள்ளி சம்பாதிச்சவருக்கு 5,250 வெள்ளி வரி, அதே காசுக்கு ரெசிடென்ட்டா இருந்திருந்தா 340. வருஷக் கடைசில வந்தாலும் வேலை அடுத்த வருஷத்துக்கும் விடாம தொடர்ந்து ரெண்டு வருஷமும் சேத்து 183 நாள் வந்தா ரெண்டுக்குமே ரெசிடென்ட்டா எடுத்துக்குவாங்க, அதனால ஆகஸ்ட்ல சேந்ததுமே பதற வேண்டாம்.

ஊர் பக்கம் ஒரு சின்ன விஷயம். இந்தியாவுல வரி வருஷம் ஏப்ரல்லேர்ந்து மார்ச், இங்க ஜனவரிலேர்ந்து டிசம்பர். வேலைக்காக வெளிநாடு கிளம்புறவர் அந்த நிதியாண்டுல 182 நாள் இந்தியாவுல இருந்துட்டா அந்த வருஷம் அங்க ரெசிடென்ட்தான், இங்க வாங்குற சம்பளத்தையும் அங்க காட்ட வேண்டி வரும். செப்டம்பர் கடைசி வாரத்துல கிளம்புறவங்க ஒரு வாரம் முன்ன பின்னன்னு தேதியை மாத்துறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, ரெண்டு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கு, ஆனா பேப்பர் வேலை உங்களுதுதான்.

## "டாக்ஸே இல்ல"ன்னு ஏன் தோணுது

ஊர்ல டிடிஎஸ்னு மாசாமாசம் பிடிச்சுட்டுத்தான் சம்பளமே குடுப்பாங்க. இங்க பிடிக்க மாட்டாங்க. 7,000 சம்பளம்னா பாஸ்ல வந்தவருக்கு கிட்டத்தட்ட முழு 7,000மும் அக்கவுண்ட்டுல விழும், அதைப் பாத்துட்டுத்தான் டாக்ஸ் இல்லாத ஊருன்னு வீட்டுக்கு போன் போட்டு சொல்றது. அடுத்த வருஷம் மார்ச், ஏப்ரல்ல வரிக் கணக்கு காட்டினதும் வரித் துறையான ஐராஸ்லேர்ந்து பில் வரும், அதுக்குள்ள அந்தக் காசு சோபாவா, ஊர்ல நகைச்சீட்டா மாறியிருக்கும். பேங்க்லேர்ந்து தானா பிடிக்கிற ஜைரோ போட்டா வட்டியில்லாம 12 மாசத் தவணையா கட்டலாம், பெரும்பாலானவங்க அப்படித்தான் கட்டுறாங்க. எப்படி இருந்தாலும் முதல் சம்பளத்துலேர்ந்தே மாசம் 308ஐ எடுத்து தனியா வச்சுட்டு, மிச்சம் 6,692தான் சம்பளம்னு மனசுல வச்சுக்கிட்டு வீடு தேடுங்க.

ஜிஎஸ்டி 2024 ஜனவரிலேர்ந்து 9 பர்சென்ட். சாப்பாடு, துணி, போன் எல்லாத்துலயும் இருக்கு, அது எந்த ஏரியாவுக்குப் போனாலும் கூடவே வரும்.

பிஆர் வாங்கினவங்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு. சிபிஎஃப், நம்ம ஊர் பிஎஃப் மாதிரி கட்டாய சேமிப்பு. 55 வயசு வரைக்கும் சம்பளத்துல 20 பர்சென்ட் நம்மகிட்டேர்ந்து, 17 பர்சென்ட் கம்பெனி போடும், புதுசா பிஆர் ஆனவங்களுக்கு முதல் ரெண்டு வருஷம் ரேட்டு கம்மி. அது உங்க காசுதான், ஆனா வீடு வாங்க எடுக்கலாமே தவிர வாடகை கட்ட எடுக்க முடியாது. அதனால 7,000 சம்பளக்காரர் பிஆர் ஆகி முழு ரேட்டுக்கு வந்ததும் வாடகைக்குன்னு பாக்குறப்ப 5,600 சம்பளக்காரர் ஆயிடுவார். பிஆர் கிடைச்ச சந்தோஷத்துல பெரிய வீட்டுக்கு மாறினவங்க இதைத்தான் மறந்துடுறாங்க.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: டாக்ஸ் உண்டு, மத்த பெரிய ஊர்களோட பாத்தா கம்மி, தாமதமா வரும், எங்க குடியிருந்தாலும் மாறாது. இனிமே வர்ற ரெண்டும்தான் இடத்துக்கு இடம் மாறுறது.

## வாடகை ஏன் தூரம் போகப் போக குறையுது

நடு ஊர்ல ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார், ஷென்டன் வே பக்கம் ஆபீஸ் குவிஞ்சு கிடக்குது. அங்க வேலை பாக்குற லட்சக்கணக்கான பேர்ல யாருக்கும் தூரமா போகப் பிடிக்காது, கிட்ட இருக்கிற வீடோ கொஞ்சம்தான், அதனால கிட்ட இருக்கிற வீட்டுக்குப் போட்டி போட்டு வாடகையை ஏத்துறாங்க. உட்லண்ட்ஸ், பூன் லே, பொங்கோல்னு ஓரத்துக்குப் போகப் போக போட்டி குறையும், வாடகையும் இறங்கும். இந்த இறக்கத்துக்குப் பேரு வாடகைச் சரிவு. ஓரத்துல வாடகை கம்மியா இருக்கிறது யாரும் குடுக்கிற தள்ளுபடி இல்ல, உங்க நேரத்துக்கு மார்க்கெட் குடுக்கிற கூலி.

இப்போ கவனிங்க, அந்தச் சரிவு எல்லாரோட ஆபீஸையும் வச்சு உருவானது. உங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. உங்க வேலை சாங்கி பிசினஸ் பார்க்லன்னா தெம்பனிஸ் உங்களுக்கு ஓரம் இல்ல, நடு ஊரு. டவுன்டவுன் ரயில் லைன்ல ஏறினா, பிசினஸ் பார்க்குக்கு இறங்குற எக்ஸ்போ மூணாவது ஸ்டேஷன். ஜூரோங், துவாஸ் பக்கம் வேலைன்னா பூன் லே, பயனியர்ல ஓர ஏரியா வாடகையும் கட்டலாம், சீக்கிரமாவும் போய்ச் சேரலாம். இது தற்செயலா நடந்ததும் இல்ல, அரசாங்கத்தோட 1991 நகரத் திட்டத்துலயே தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ்னு வட்டார மையங்கள் போட்டு ஆபீஸ்களை நடு ஊர்லேர்ந்து பிரிச்சு விடப் பாத்தாங்க. ஆனா நம்ம ஆளு என்ன பண்றாருன்னா, ஆபீஸ் ஜூரோங்ல, வீடு தேடுறது ஃபேரர் பார்க்ல, ஏன்னா தேக்கா பக்கம், கோயில் பக்கம், தோசை பக்கம். தப்பில்ல, தோசைக்கும் ஒரு விலை உண்டு, அதைத் தெரிஞ்சு குடுத்தா சரி.

## தூரத்தை கிலோமீட்டர்ல அளக்காதீங்க

டிக்கெட் காசைப் பத்தி இங்க ரொம்ப யோசிக்க வேண்டாம். பஸ்ஸு, எம்ஆர்டிங்கிற மெட்ரோ ரயில் ரெண்டுக்கும் சேத்து மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம், மாறி ஏறினா மறுபடி முதல்லேர்ந்து போட மாட்டாங்க, கார்டுல தட்டிட்டு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி போனாலும் ஒரு தடவைக்கு 3 வெள்ளிக்குள்ளதான். வார நாள்ல காலைல 7.45க்கு முன்னாடி ரயில்ல தட்டி ஏறினா 50 காசு வரைக்கும் குறையும் வேற. செலவாகுறது நேரம்.

அந்த நேரத்தை வீட்டுக் கதவுலேர்ந்து ஆபீஸ் நாற்காலி வரைக்கும் அளக்கணும். "எம்ஆர்டிக்கு அஞ்சு நிமிஷம்"னு ஏஜெண்ட் சொல்றது அவர் ஓடுற வேகத்துக்கு, லிஃப்ட்டுக்கு நிக்கிறது, சிக்னல், மழை எதுவும் அதுல இல்ல. அடுத்தது எத்தனை லைன் மாறணும்ங்கிறது. உட்லண்ட்ஸ் மேப்ல மேல எங்கேயோ இருக்கும், ஆனா அங்கேர்ந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ஒரே லைன், உக்காந்தா இறங்குறவரைக்கும் தூங்கலாம். மேப்ல உட்லண்ட்ஸும் பொங்கோலும் பக்கத்துப் பக்கத்துல தெரியும், எம்ஆர்டில போனா பீஷான் வரைக்கும் கீழ இறங்கி, சர்க்கிள் லைன்ல சிராங்கூன் வந்து, மறுபடி மேல ஏறணும். ரெண்டு தடவை மாறுற 45 நிமிஷமும் மாறாம போற 45 நிமிஷமும் ஒண்ணு இல்ல.

பாலத்தைத் தாண்டி மலேசியாவுல இருக்கிற ஜோகூர் பாருல தங்கி தினம் வந்து போறவங்களும் நிறைய. வாடகை அங்க ரொம்பக் கம்மி, ஒத்துக்கிறேன், ஆனா பாலத்துல இன்னிக்கு ஆகுற நேரம் நாளைக்கு ஆகாது. சராசரி நேரத்தை விடுங்க, மோசமான நாள்ல எவ்வளவு ஆகுதுன்னு பாத்து அதுக்குத் தக்கனதான் அலாரம் வைக்க முடியும், அப்போ தினமும் அந்த மோசமான நாளைத்தான் வாழுறீங்க. காரு? பத்து வருஷத்துக்கு வண்டி வச்சுக்க அனுமதிக்கிற சிஓஇ மட்டுமே ஏலத்துல 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கு, மாசக் கணக்குல 833 வெள்ளி, அதுல இன்னும் வண்டியே வரல. புதுசா வர்றவங்க இந்தப் பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடலாம்.

## ரெண்டு வீடு, ஒரே கணக்கு

நேரத்தை எப்படி வெள்ளியா மாத்துறது? மாசம் 7,000ஐ 22 நாள், நாளைக்கு 8 மணி நேரம்னு வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 40 வெள்ளி. ட்ராவல் நேரத்துல பாட்டு கேக்கலாம், தூங்கலாம், அதனால அதுல பாதின்னு, அதாவது 20 வெள்ளின்னு வைப்போம், போக்குவரத்துக் கணக்கு போடுறவங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைக்கிறாங்க. ரயில்ல நிக்கிறதே பிடிக்காதவர் 30ன்னு வச்சுக்கட்டும், நாவல் படிக்கிறவர் 10ன்னு வச்சுக்கட்டும்.

முதல் வீடு, கதவுலேர்ந்து ஆபீஸுக்கு 30 நிமிஷம். ரெண்டாவது 70 நிமிஷம். ஒரு தடவைக்கு 40 நிமிஷம் வித்தியாசம், நாளைக்கு 80, மாசம் 22 நாளைக்கு 29 மணி நேரத்துக்கு மேல. 20 வெள்ளி ரேட்டுல 587. டிக்கெட்ல தடவைக்கு 80 காசு கூடுதல்னா 44 தடவைக்கு 35 வெள்ளி. ஆக 622. தூரத்து வீடு மாசம் 622க்கு மேல மலிவா இருந்தா எடுங்க, 400தான் மலிவுன்னா அது மலிவே இல்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ரெண்டு பேருக்கும் தனித்தனியா போட்டுக் கூட்டுங்க, பிள்ளைங்க ஸ்கூலையும் சேத்து.

இதுல ஒரு விஷயத்தை யாருமே சொல்றதில்ல. வாடகை வித்தியாசத்தைப் பங்கு போடலாம், ட்ராவலைப் பங்கு போட முடியாது. ரெண்டு வீட்டுக்கும் 600 வெள்ளி வித்தியாசம், மூணு பசங்க சேந்து எடுக்கிறாங்கன்னா தலைக்கு 200தான் மிச்சம், ஆனா தினம் அந்த 80 நிமிஷம் ஒவ்வொருத்தருக்கும் முழுசா போகும். அதனால வீட்டைப் பங்கு போட்டோ ரூம் மட்டும் எடுத்தோ இருக்கிற பேச்சிலருக்கு பெரும்பாலும் ஆபீஸ் பக்கம் இருக்கிறதுதான் லாபம். ஒருத்தர் மட்டும் வேலைக்குப் போற குடும்பத்துக்குக் கணக்கு தலைகீழ், வாடகை வித்தியாசம் மொத்தமும் மிச்சம், ட்ராவல் ஒருத்தருக்கு மட்டும். நடைமுறையில பேச்சிலர் பசங்க மலிவுன்னு கோடிக்குப் போறதும் குடும்பஸ்தர் கஷ்டப்பட்டு நடு ஊர்ல இருக்கிறதும்தான் அடிக்கடி கண்ணுல படுது.

சுருக்கமா, கம்மி பண்ற வாடகையில உங்க பங்கு எவ்வளவு, போற நேரத்தோட விலை எவ்வளவு, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

## விளம்பரத்துல இல்லாத செலவு

எச்டிபிங்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டுல '4-ரூம்'னா ஹாலையும் சேத்து எண்ணினது, பெட்ரூம் மூணுதான். ஓனரும் கூடவே இருக்கிற ரூம்னா 'லைட் குக்கிங் ஒன்லி'ன்னு போட்டிருப்பாங்க, மேகி போடலாம், மீன் குழம்பு தாளிக்கக்கூடாதுன்னு அர்த்தம், அப்புறம் மூணு வேளையும் கோப்பிக்கடைல சாப்பிட்டா மிச்சம் பண்ணின வாடகை அங்க போயிடும். கரண்ட், தண்ணி பில், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏர்கான் சர்வீஸ் யாரு பொறுப்புன்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

கையில எடுத்துட்டு வர வேண்டிய காசு இன்னொண்ணு. 3,000 வாடகைல ரெண்டு வருஷ அக்ரிமெண்ட்னா வழக்கமா வருஷத்துக்கு ஒரு மாசம்னு 6,000 டெபாசிட், முதல் மாச வாடகை 3,000, அப்புறம் மொத்த வாடகையில 0.4 பர்சென்ட் ஸ்டாம்ப் ட்யூட்டி 288, பெரும்பாலும் வாடகைக்கு வர்றவர்தான் கட்டுறது. ஏஜெண்ட் கமிஷனுக்கு முன்னாடியே 9,288 வெள்ளி ஆச்சு, முதல் சம்பளம் இன்னும் வரல.

அதனால ஊர்ல இருந்தே வீடியோ கால்ல பாத்து ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க. காண்டோ மாதிரி தனியார் வீடுன்னா குறைஞ்சது மூணு மாசம், எச்டிபின்னா ஆறு மாசம், அதுக்குக் கம்மியா வாடகைக்கு விடறது சட்டப்படி தப்பு. அந்தக் குறைஞ்ச காலத்துக்கு ஆபீஸ் பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கிட்டு, மனசுல இருக்கிற ஏரியாவுலேர்ந்து ஒரு திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆபீஸுக்கு வந்து பாருங்க. எச்டிபின்னா ஓனர் வாடகைக்கு விட அனுமதி வாங்கியிருக்காரான்னும் கேளுங்க, கூச்சப்பட வேண்டாம்.

அக்ரிமெண்ட்ல டிப்ளமேட்டிக் கிளாஸ் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. வேலை போயோ கம்பெனி வேற நாட்டுக்கு அனுப்பியோ நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தா, வழக்கமா 12 மாசம் முடிஞ்சதும் ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்து வெளியேற விடுறது அது. ஒரு வருஷ அக்ரிமெண்ட்ல இது பெரும்பாலும் இருக்காது. பாஸ் கம்பெனியோட கட்டிப்போட்டது, வேலை போனா பாஸும் போச்சு, ஆனா வாடகை அக்ரிமெண்ட் உங்க பேர்ல நிக்கும். அப்படிக் கிளம்புறப்ப கம்பெனி ஐராஸுக்கு ஒரு மாசம் முன்னாடி தெரிவிச்சு, வரிக் கணக்கு முடியிற வரைக்கும் உங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைப் பிடிச்சு வைக்கணும்னு சட்டம் இருக்கு, டெபாசிட்டும் சாவியைக் குடுத்து வீட்டைச் சரிபாத்தப்புறம்தான் திரும்ப வரும். அந்தக் கடைசி மாசத்துக்குச் சாப்பாடு, வாடகை, ஃப்ளைட் டிக்கெட் மூணுக்கும் ஆகுற காசை வந்த புதுசுலயே ஒரு தனி அக்கவுண்ட்டுல போட்டு வச்சுடுங்க.